கொசுறு ஐந்து நாட்

போன ஆவணியில் தங்கை மகளின் காதுகுத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு நேர் எதிர் இலையில் பெரிய அத்தை. சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள் கேட்டுவிட்டார். "ஏங்கண்ணு, போன மாசம் டில்லியிலிருந்து பிளேன்ல வந்தனல்லோ, எறக்கும்போது டம்முன்னு தூக்கிப் போட்டுட்டான். ரெண்டு நாளு இடுப்பப் புடிச்சுக்கிட்டே கெடந்தேன். நீயும் இப்பிடித்தே எறக்குவியா, இல்ல பூவாட்டம் எறக்குவியா?" வரிசையே என்னைத் திரும்பிப் பார்த்தது. "டம்முன்னுதானுங்க அத்தை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும், "பொய் சொல்றான், அவன் கெட்டிக்காரன்" என்று எனக்காகப் பரிந்து பேசினார்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த இடத்தில் விளக்கம் சொல்ல முடியாது, பாயசம் ஆறிவிடும். விமானம் ஓட்டுகிறவனை எடைபோடப் பயணியிடம் இருப்பது அந்தக் கடைசி நொடி ஒன்றுதான். வழியில் எத்தனை மேகத்தைச் சுற்றி வந்தோம், எரிபொருளை எத்தனை முறை கணக்குப் பார்த்தோம் என்பதெல்லாம் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வழியில்லை. சக்கரம் தொட்டது தெரியாவிட்டால் கைதட்டல், தெரிந்தால் அத்தையின் இடுப்பு. அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. அதே தராசை நாங்களும் உள்ளுக்குள் வைத்திருக்கிறோம், அதுதான் என்னை அரிக்கிறது. பயணிகள் இறங்கும்போது காக்பிட் வாசலில் நிற்பேன். யாராவது ஒருவர் "நைஸ் லேண்டிங் கேப்டன்" என்று சொல்லிவிட்டுப் போனால் அன்று இரவுச் சாப்பாடு தனியாக ருசிக்கும். அந்த ருசிக்காக நான் ஒருமுறை செய்த காரியத்தைப் பன்னிரண்டு பதின்மூன்று வருடமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எண்ணுக்குள்ளேயே இருக்கும் கொசுறு

நான் ஓட்டுவது ஏர்பஸ் ஏ320. இறங்குவதற்கு முன் ஒரு வேகத்தை முடிவு செய்துகொள்வோம். எடையைப் பொறுத்து அது பெரும்பாலும் 130-க்கும் 140-க்கும் நடுவில் வந்து உட்காரும், நாட் கணக்கில். ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர். விமானம் அந்த எடையில், அந்த ஃபிளாப்பில் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடல்) எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை கைவிடுமோ, அதன் 1.23 மடங்கு என்பது அடிப்படை. பழைய விமானங்களில் 1.3 என்பார்கள். இறக்கை கைவிடும் அந்த வேகத்தை, ஸ்டால் வேகத்தை, அளக்கும் முறை மாறியதால் எண் மாறியதே தவிர, இரண்டிலும் இடைவெளி ஏறக்குறைய ஒன்றுதான். இதற்கு மேல் குறைந்தது 5 நாட் கூட்டுவோம். எதிர்க்காற்று பலமாக இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு, உச்சமாக 15 வரை. டவர் சொன்ன காற்றைக் கம்ப்யூட்டரில் தட்டினால் அதுவே கூட்டிக் காட்டிவிடும். போயிங்கில் சூத்திரம் வேறு, நோக்கம் இதேதான்.

ஆக, கையில் வரும் எண்ணுக்குள் ஏற்கெனவே கொசுறு இருக்கிறது. ஸ்டாலுக்கு மேல் கால் பங்கு, அதற்கு மேல் ஐந்து. ஆனாலும் மனித மனம் இருக்கிறதே! மார்க்கெட்டில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கிவிட்டு, கடைக்காரர் தராசைச் சரித்துத்தான் போட்டார் என்று தெரிந்தும், "ரெண்டு கொத்து கறிவேப்பிலை போடுங்க" என்று கை நீட்டுவோமே, அதே கைதான் இங்கும் நீள்கிறது. பழைய பைலட்டுகளிடம் ஒரு கேலி உண்டு: பெண்டாட்டிக்கு ஐந்து நாட், பிள்ளைக்கு ஒன்றுக்கு ஐந்து நாட். நான்கு பிள்ளை பெற்ற கேப்டனோடு பறக்காதே என்பார்கள்.

கறிவேப்பிலைக்குக் காசில்லை. ஓடுபாதை காசு வாங்கும். வேகம் பத்து சதவீதம் கூடினால், நிறுத்தியாக வேண்டிய சக்தி 21 சதவீதம் கூடும், வேகத்தின் வர்க்கம் அல்லவா. அதுவும் சக்கரம் தொட்ட பிறகுதான் இந்தக் கணக்கு தொடங்குகிறது. தொடுவதற்கு முன்னால் இன்னொரு செலவு இருக்கிறது. கூடுதல் வேகத்தோடு தரையை நெருங்கிய விமானம் உட்காராது, மிதக்கும். தரைக்குச் சில அடி மேலே, எஞ்சின் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த சுழற்சியில், வழவழவென்று போய்க்கொண்டே இருக்கும். அப்படி மிதக்கையில் நொடிக்கு ஒன்றோ இரண்டோ நாட்தான் குறையும். அதையே சக்கரத்தைத் தரையில் வைத்து ஆட்டோபிரேக்கை மீடியத்தில் விட்டால் நொடிக்கு ஆறு நாட் அளவுக்குக் குறையும். 140 நாட் என்பது நொடிக்கு 72 மீட்டர். ஆறு நொடி மிதந்தால் நானூறு மீட்டருக்கு மேல் ஓடுபாதை பின்னால் போய்விட்டது. பின்னால் போன ஓடுபாதை யாருக்கும் உதவாது.

சீவாளிச் சத்தம்

நாங்கள் எல்லோரும் பறக்கப் பழகியது சின்ன விமானத்தில். எனக்கு செஸ்னா 172. ஒரு டன் எடை, 65 நாட்டில் இறங்கும். தரைக்கு அருகில் வந்ததும் மூக்கை மெல்லத் தூக்கிப் பிடித்து, வேகம் கரையக் கரைய இன்னும் கொஞ்சம் தூக்கி, இறக்கையில் இருக்கும் ஸ்டால் ஹார்ன் கூவும்வரை பிடித்திரு என்பார் ஆசிரியர். அந்த ஹார்னுக்கு மின்சாரம் கிடையாது. இறக்கையின் முன்விளிம்பில் ஒரு ஓட்டை, உள்ளே நாதஸ்வரச் சீவாளி மாதிரி ஒரு நாக்கு. காற்று உறிஞ்சப்படும்போது அது 'பீ' என்று முனகும். அந்த முனகல் வந்தவுடன் சக்கரம் தொட்டால் ஆசிரியர் தோளில் தட்டுவார். நல்ல இறக்கம் என்றால் சீவாளிச் சத்தம் என்று இருநூறு மணி நேரம் காது பழகிவிடுகிறது.

ஜெட்டில் இதே வித்தையைக் காட்டினால் ஓடுபாதையின் பாதியில் இருப்போம். அங்கே மூக்கைத் தூக்குவது இறங்கும் வேகத்தை மட்டுப்படுத்த மட்டுமே. 30 அடியில் மெல்லத் தூக்கு, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லீவரை ஐடிலுக்கு இழு, விமானம் தானாக உட்காரும், உட்கார விடு. 20 அடியில் விமானமே "ரிடார்ட், ரிடார்ட்" என்று கத்தி ஞாபகப்படுத்தும். லீவரை இழு என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒரு வசை அர்த்தமும் உண்டு. மோசமான நாட்களில் எந்த அர்த்தத்தில் சொல்கிறது என்று சந்தேகம் வரும்.

இன்னொரு வித்தியாசம் எஞ்சின். புரொபெல்லர் விமானத்தில் லீவரைத் தள்ளிய கணமே இறக்கைமேல் காற்று பாயும், விமானம் தூக்கிக்கொள்ளும். ஜெட் எஞ்சின் உருண்டு எழ நேரம் எடுக்கும். எட்டு நொடிக்குள் மேலேறும் அளவுக்கு உந்துவிசை வந்தாக வேண்டும் என்பதே சான்றிதழ் விதி. எட்டு நொடி என்பது தரைக்கு அருகில் ஒரு யுகம். இதை உலகம் கற்றுக்கொண்டது எளிதாக இல்லை. 1965 நவம்பரில் சால்ட் லேக் சிட்டியில் ஒரு போயிங் 727, அளவுக்கு மீறிய வேகத்தில் உயரத்தை இழந்து இறங்கிவந்து, உந்துவிசையைத் தாமதமாகக் கூட்டியதால் ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதியது. 91 பேரில் 43 பேர் இறந்தார்கள். அதனால்தான் 1,000 அடியில் எல்லாம் நிலைப்பட்டிருக்க வேண்டும் என்கிறோம். வேகம், ஃபிளாப், சக்கரம், எஞ்சின் சுழற்சி, இறங்கும் வீதம் என்று எல்லாமும். வெளியே தெளிவாகத் தெரிந்தால் 500 அடி. இல்லையென்றால் மேலே ஏறிப் போய்த் திரும்பி வா, அதற்குப் பெயர் கோ அரவுண்ட். இது தெரியாத பைலட் கிடையாது. தெரிந்தவர்கள்தான் எல்லா விபத்திலும் இருந்தார்கள்.

ஆனி மாதக் கோயம்புத்தூர்

2012. நான் ஃபர்ஸ்ட் ஆஃபீசராகி, அதாவது துணை விமானியாகி, ஒரு வருடம்கூட ஆகவில்லை. சென்னையிலிருந்து கோயம்புத்தூர், சாயங்கால ஃபிளைட். அப்பாவும் அம்மாவும் பன்னிரண்டாவது வரிசையில். நான் ஓட்டி அவர்கள் பறந்தது அன்றுதான் முதல்முறை. அம்மா போர்டிங்கின்போது காக்பிட் பக்கம் எட்டிப் பார்த்து, கேப்டனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். கேப்டன் திருநெல்வேலிக்காரர், விமானப்படையில் பல வருடம் இருந்து வந்தவர். அதிகம் பேசமாட்டார். "இந்தப் பயணம் நீ ஓட்டுடே, வீட்டாள்க வந்திருக்காவ" என்று மட்டும் சொன்னார்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஆனி, ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து புகுந்து ஊரையே உலுக்கும். அன்று டவர் சொன்னது எதிர்க்காற்று 15 நாட், வீச்சு 25. தூறல் போட்டு ஓடுபாதை ஈரம். எடை அறுபது டன்னை ஒட்டி. கம்ப்யூட்டர் தந்த வேகம் 136. நான் அதை அழித்துவிட்டு 141 என்று தட்டினேன். கேப்டன் திரையைப் பார்த்தார். "எதுக்குடே அந்த அஞ்சு?" "காத்து ஜாஸ்தியா இருக்கு சார், சும்மா ஒரு பாதுகாப்புக்கு." அவர் ஒன்றும் சொல்லவில்லை. காற்றுக்கானது ஏற்கெனவே 136-க்குள் இருக்கிறது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த ஐந்து பன்னிரண்டாவது வரிசைக்கு. வேகம் கொஞ்சம் கூட இருந்தால் விமானம் கைக்குள் சொன்னபடி கேட்கும், இழைத்து இறக்கலாம், அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது அதை நான் பாதுகாப்பு என்றே நம்பினேன். சொந்த ஆசைக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பதில் மனிதனை மிஞ்ச ஆளில்லை.

500 அடிவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏர்பஸ்ஸில் ஒரு ஏற்பாடு உண்டு, மேலே எதிர்க்காற்று கூடினால் விமானம் தன் இலக்கு வேகத்தைத் தானே உயர்த்திக்கொள்ளும், குறைந்தால் இறக்கிக்கொள்ளும். அது வழக்கம்போல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 100 அடியில் "ஸ்பீட்" என்றார் கேப்டன். "செக்" என்றேன். ஓடுபாதையின் தொடக்க விளிம்பான த்ரெஷோல்டைத் தாண்டும்போது வேகம் 149. என் கண் வேகத்தில் இல்லை, ஓடுபாதையின் தூரத்து விளக்குகளில் இருந்தது. 30 அடியில் தூக்கத் தொடங்கினேன், அதே நேரத்தில் ஒரு வீச்சு வந்து அடித்தது. விமானம் இறங்காமல் நின்றது, பிறகு ஒரு ஐந்தடி ஏறியது என்றே சொல்வேன். "ரிடார்ட்" என்றது விமானம். கை லீவரை இழுக்கவில்லை. இழுத்தால் பொத்தென்று விழுந்துவிடும் என்று கை நினைத்தது. இழுக்காதவரை எஞ்சின் அந்த வேகத்தைக் காப்பாற்றத்தான் பார்க்கும். "ரிடார்ட், ரிடார்ட்." இழுத்தேன், தாமதமாக, பாதி மனதாக.

அடுத்த சில நொடிகள் என் வாழ்க்கையிலேயே அழகானவை. விமானம் ஒரு விரல் அசைவுக்குக் கட்டுப்பட்டு வழுக்கிக்கொண்டு போனது. ஓடுபாதையின் தொடக்கத்தில் இருபுறமும் தடித்த வெள்ளைக் கோடுகள் ஜோடி ஜோடியாக இருக்கும், 150 மீட்டருக்கு ஒரு ஜோடியாக, 900 மீட்டர் வரை. அதற்குள் சக்கரம் தொட வேண்டும் என்பதற்கான அடையாளம். அந்த ஜோடிகள் ஒவ்வொன்றாக மூக்குக்குக் கீழே போய் மறைவதை நான் பார்த்தேன். எண்ணவில்லை, பார்த்தேன். இதோ தொடும், இதோ தொடும், அடுத்த கோட்டில் தொடும். இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடுபாதை முன்னால் கிடக்கிறது, என்ன அவசரம்?

"கோ அரவுண்ட்" என்றார் கேப்டன்.

இந்த இடத்தில்தான் இத்தனை வருடமாகத் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன். அந்தச் சொல் என் காதில் விழுந்தது. அது இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி விழுந்தது. எனக்குச் சொன்னது என்று தோன்றவில்லை. என் முழு உடம்பும் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே இருந்த அந்த இரண்டடி இடைவெளியில் இருந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு "பிரையாரிட்டி லெஃப்ட்" என்று விமானத்தின் குரல் கேட்டது. கேப்டன் தன் ஸ்டிக்கில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி என் கையிலிருந்து விமானத்தைப் பிடுங்கியிருந்தார். "ஐ ஹேவ் கண்ட்ரோல்." லீவர்கள் முன்னால் போயின. எஞ்சின் எழுந்து வரும்வரை ஓடுபாதைக்கு மேலேயே தவழ்ந்தோம், வலப்பக்கச் சக்கரம் ஒருமுறை உரசியதாக ஞாபகம். பிறகு மூக்கு மேலே, மழை, மேகம்.

மறுபடி சுற்றி வரும்போது அவர் திட்டவில்லை. "கேக்கலையாடே?" என்றார். "கேட்டுது சார்." "பின்ன?" எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீயே எறக்கு. நூத்தி முப்பத்தாறு" என்றார். விமானத்தை அவர் என் கையில் திருப்பிக் கொடுத்ததை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. நானாக இருந்தால் கொடுத்திருப்பேனா தெரியாது. இரண்டாவது முறை 136-இல் வந்து, 30 அடியில் தூக்கி, லீவரை இழுத்து, கோடுகளுக்குள் வைத்தேன். நன்றாகவே அதிர்ந்தது. இறக்கைமேல் தகடுகளான ஸ்பாய்லர்கள் எழுந்தன, பிரேக் பிடித்தது, சுகமாக டாக்ஸிவேயில் திரும்பினோம்.

கதவருகே அம்மா. "மொதல்ல வந்தது பூவாட்டம் இருந்துச்சு கண்ணு. அதை ஏன் உட்டுப்போட்டே?"

மூடிக்கொள்ளும் காது

2010 மே 22 அன்று நான் ஃபிளையிங் ஸ்கூலில் இருந்தேன். துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737, மேட்டுச் சமவெளி ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள். உயரமாகவும் வேகமாகவும் வந்து, 8,000 அடிச் சொச்சம் ஓடுபாதையில் சுமார் 5,200 அடி தாண்டித் தொட்டிருந்தது. துணை விமானி மூன்று முறை கோ அரவுண்ட் சொல்லியிருந்தார். விடுதியில் நாங்கள் அதைப் பேசித் தீர்த்த விதம் ஞாபகம் இருக்கிறது. கேப்டன் என்ற திமிர், நம் ஊர் 'சார்' கலாச்சாரம், பெரியவர் காதில் சின்னவர் சொல் ஏறாது. தீர்ப்பு எழுதிவிட்டுத் தூங்கப் போனோம்.

கோயம்புத்தூருக்குப் பிறகு அந்தத் தீர்ப்பு எனக்குப் போதவில்லை. என் விஷயத்தில் சொன்னவர் கேப்டன், கேட்காதவன் சின்னவன். அடுக்கு தலைகீழ். அவர் சொல்லை மீறும் தைரியம் எனக்குக் கனவில்கூடக் கிடையாது. அப்படியும் காது மூடிக்கொண்டது. பதவி ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று இருக்கிறது. ஒரு காரியத்தை முடித்தே தீர வேண்டும் என்று கண் குத்தி நின்றுவிட்டால், முதலில் கதவடைப்பது காதுதான். 2007 மார்ச்சில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் கருடா விமானம் 221 நாட்டில் தரையைத் தொட்டது. எச்சரிக்கைக் கருவி 15 முறை கத்தியது, துணை விமானி கோ அரவுண்ட் சொன்னார். கேப்டன் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 21 பேர் இறந்தார்கள். அறிக்கையைப் படித்தவர்கள் "எப்படிக் கேட்காமல் இருக்க முடியும்?" என்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. அப்போது நான் கேப்டனாகியிருந்தேன். கொரோனாவில் விமானங்கள் தரையில் கிடக்க, வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். மழை, முதல் முயற்சி கைவிடப்பட்டது, கேப்டன் பக்க வைப்பர் ஒழுங்காக வேலை செய்யவில்லை, இரண்டாம் முறை எதிர்த்திசை ஓடுபாதை, முதுகுக்குப் பின்னால் 14 நாட் காற்று. 8,858 அடி ஓடுபாதையில் 4,438-ஆவது அடியில் தொட்டது, தரைமேல் வேகம் 165 நாட். தொடுவதற்கு முன் துணை விமானி கோ அரவுண்ட் சொன்னார். இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை வந்தபோது அந்தத் தூரத்தை மட்டும் மறுபடி மறுபடி படித்தேன். மிதந்திருக்கிறது. அந்தச் சில நொடிகள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் கஷ்டம். அவை பயங்கரமாக இருந்திருக்காது. வழவழவென்று இருந்திருக்கும்.

அப்படியானால் குறைத்து வா என்கிறாயா?

இல்லை. 2013 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏசியானா 777 வந்த கதை மறுபக்கம். வர வேண்டிய வேகம் 137, கரைந்து போனது 103-ஐ ஒட்டி. உந்துவிசையை ஆட்டோத்ராட்டில் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள், அது பார்த்துக்கொள்ளாத நிலையில் இருந்தது. விமானத்தின் வால் கடற்கரைச் சுவரில் இடித்தது, மூன்று பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட செய்திகளைப் படித்துப் படித்துத்தான் எங்கள் கை ஐந்து கூட்டப் போகிறது. குறைவு கொல்லும் என்று எல்லோருக்கும் அடிவயிற்றில் தெரியும். அதிகம் கொல்லும் என்பது அறிவுக்கு மட்டும்தான் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது. வேகம் குறையும்போது விமானம் நடுங்கும், மூக்கு தூக்கும், கருவி கத்தும். வேகம் கூடும்போது எல்லாம் சுகமாக இருக்கும்.

அத்தையின் 'டம்' பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஈர ஓடுபாதையில் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் ஒரு படலமாக நிற்கும். வேகம் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் டயர் அந்தப் படலத்தின் மேலேயே சறுக்கும், பிரேக் பிடித்தாலும் பிடிக்காது. டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் அந்த வேகம் வரும் என்று ஒரு பழைய சூத்திரம் உண்டு. 200 பிஎஸ்ஐ டயருக்கு 127 நாட். அதாவது நாங்கள் தொடும் வேகம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். படலத்தைக் கிழித்துக்கொண்டு டயர் தரையைப் பிடிக்க வேண்டுமானால் உறுதியாக வைத்தாக வேண்டும். உறுதியாக வைத்தால்தான் சக்கரம் உடனே சுழலும், விமானம் தரையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குப் புரியும், இறக்கைமேல் ஸ்பாய்லர்கள் எழும், எடை முழுதும் சக்கரத்தில் உட்காரும். ஸ்பாய்லர் எழாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1999 ஜூனில் லிட்டில் ராக் நகரில் நடந்தது சாட்சி. புயல் மழையில் இறங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தில் ஸ்பாய்லரைத் தயார் நிலையில் வைக்க மறந்திருந்தார்கள். பிரேக் பிடிக்க எடையில்லாமல் ஓடுபாதையைத் தாண்டிப் போய் 11 பேர் இறந்தார்கள். மழைநாளில் ஒருவர் பூப்போல இறக்கினார் என்றால் நான் கைதட்ட மாட்டேன். எத்தனாவது மீட்டரில் தொட்டார் என்று கேட்பேன்.

டம்மென்று இறக்கியதெல்லாம் நல்ல இறக்கம் என்று சொல்லவரவில்லை. வேகம் முன்பே செத்துப்போய்ப் பொத்தென்று விழுவதும் டம்தான். அத்தைக்கு இரண்டும் ஒரே இடுப்புவலி. வித்தியாசம் கோடுகளில் தெரியும், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் நீங்களே பார்க்கலாம்.

போன வாரம்

என் பக்கத்தில் ஒரு பையன், ஃபர்ஸ்ட் ஆஃபீசராகி எட்டு மாதம். நல்ல கை. கோயம்புத்தூர்தான், அதே மேற்குக் காற்று, மாலை வெயில், ஓடுபாதை காய்ந்து கிடந்தது. அவன் ஓட்டிக்கொண்டிருந்தான். புறப்படும்போதே பேசி வைத்திருந்த வேகம் 136. இறங்கத் தொடங்கி ரேடியோ பேசிக்கொண்டே திரையைப் பார்த்தால் 139 என்று நிற்கிறது. நான் தட்டவில்லை. ஃபிளாப் கேட்பதற்கு முன் அவன் கை அந்தப் பக்கம் போய் வந்ததைப் பார்த்த ஞாபகம். இத்தனை வருடமாக மனதில் ஊறிப்போன வசனம் தானாக வெளியே வந்தது.

"யாருக்குத் தம்பி அந்த மூணு?"

அவன் திரும்பாமலே சொன்னான். "டவர் காத்தை மாத்திச் சொன்னாங்க சார், இருபத்தி நாலு. நான் காத்தைத்தான் போட்டேன். வேகம் தானா ஏறிக்கிச்சு." இருபத்து நான்கில் மூன்றில் ஒரு பங்கு எட்டு. ஐந்துக்குப் பதில் எட்டு. கணக்கு சரி. ஓட்டுகிறவன் அவன், ரேடியோ என் கையில். டவருக்குப் பதில் சொன்னதும் நானாகத்தான் இருக்க வேண்டும்.

"எப்போ சொன்னாங்க?" என்றேன்.

"இப்பத்தான் சார். நீங்கதான் ரீட்பேக் பண்ணீங்க."